குடை பொறித்த வாய்க்கால்

முன்னொரு காலத்தில், வேண்டிய மட்டும் மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாட்டை மகுடசேகரன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். மனது நல்ல மனது. ஆனால் யாராவது அவர் காதில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டால், அடுத்த சொல் வருவதற்குள் ஆணை பிறந்துவிடும். ஆணை பிறந்துவிட்டால் அதை மாற்றுவது அவருக்குக் கௌரவக் குறைவு.

அவருடைய சபையில் விகடம் பேசும் உத்தியோகம் பார்த்தவன் அம்பலக்கூத்தன். மன்னரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. யாரையும் அழ விடாமல் பார்த்துக்கொள்வது அவனாகச் சேர்த்துக்கொண்ட வேலை. காலையில் எழுந்ததும், "கூத்தாடும் பெருமானே, இன்று என்னால் ஒரு உயிராவது நிம்மதியாக இருக்கட்டும்" என்று கும்பிட்டுவிட்டுத்தான் தலைப்பாகையைக் கட்டுவான்.

அந்த ஆண்டு மன்னர் ஒரு சித்திர மண்டபம் கட்டுவித்தார். கட்டியவர் இருளப்பக் கொத்தனார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து, ஆள் உயரத்துக்குக் கடைக்கால் என்னும் அஸ்திவாரம் தோண்டி எழுப்பிய மண்டபம். கூரைத் தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழ நான்கு மூலையிலும் கல்தூம்பு வைத்திருந்தார். விழுந்த தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சுற்றிலும் தரையைச் சரிவாக இழைத்து, மதிலுக்கு அடியில் ஒரு வாய்க்காலும் விட்டிருந்தார்.

புதுமனை புகுவிழா அன்று சடசடவென்று மழை கொட்டியது. மன்னர் முகம் வாடுவதற்குள் ஆஸ்தான சோதிடர் அனந்தநிதி எழுந்து நின்றார்.

"மகாராஜா, இது நல்ல சகுனம். அரண்மனைக் கூரையில் விழுவது மழை அல்ல. திருமகளே துளித்துளியாக இறங்கி வருகிறாள். வந்தவளை அந்த வாய்க்கால் வழியாக வெளியே அனுப்பலாமா?"

"கூடாது" என்றார் மன்னர். "இன்று முதல் அரண்மனையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே போகக் கூடாது. இது ஆணை."

அரண்மனை மணியக்காரர் வல்லபராயர் அன்றைக்கே ஆட்களைக் கூப்பிட்டு மதிலடி வாய்க்காலைச் செங்கல் வைத்து அடைத்தார். அதோடு விட்டாரா என்றால், இல்லை. திருமகள் மண்டபத்தின் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சுற்றிலும் ஒரு வரப்பு எழுப்பி, தேங்கிய தண்ணீரில் நாலு தாமரைப் பூவையும் மிதக்கவிட்டார்.

இருளப்பக் கொத்தனார் கையைப் பிசைந்துகொண்டு அவர்முன் வந்து நின்றார்.

"சாமி, மண்டபத்துக்குக் கடைக்கால்னு ஒரு கால் இருக்கு. தண்ணிக்கு வாய்க்கால்னு ஒரு கால் இருக்கு. தண்ணியோட காலை வெட்டிப்புட்டா அது எங்கே போவும்? மண்டபத்தோட காலைக் கட்டிக்கிட்டுக் கிடக்கும்."

"கொத்தனே, உனக்குக் காரை தெரியும். திருமகளைத் தெரியுமா?" என்றார் ராயர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொத்தனார் காரை பூசும் கரணையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை.

மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு செவலை நாய் நாலு குட்டி போட்டிருந்தது. அம்பலக்கூத்தன் தினமும் தன் சாப்பாட்டில் ஒரு பிடி மோர்ச்சோற்றை அதற்குக் கொண்டுபோவான். ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால், தேங்கிய தண்ணீர் வரப்புக்குள் முழங்கால் உயரம் நிற்கிறது. செவலை ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு போய், மேட்டில் கிடந்த செங்கல் குவியலில் சேர்த்துக்கொண்டிருந்தது. கடைசிக் குட்டியைக் கூத்தன் எடுத்தான். கால் வழுக்க, மற்றொரு கையால் சுவரைப் பிடித்தான்.

சுவர் கையோடு வந்தது. காரை நனைந்த மாவு போல உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அண்ணாந்து பார்த்தான். இடுப்பளவுக்குச் சுவர் உப்புப் பூத்திருந்தது. அதற்கு மேல் ஒரு விரிசல், அரணை ஏறுவது போலக் கூரையை நோக்கிப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து வல்லபராயர் குடைபிடித்துக்கொண்டு வந்தார்.

"அரண்மனைக்குள் நாய்க்கு என்ன வேலை? துரத்துங்கள் வெளியே."

"ராயரே, அவள் ஏன் வீடு மாறினாள் என்று பார்த்தீர்களா? அடியில் தண்ணீர் நின்றால் குடியிருக்கக் கூடாது என்று தெரிந்துவைத்திருக்கிறாள்."

"நாயிடம் சாஸ்திரம் படிக்கிறாயா, கூத்தா?"

"கிடைத்த குருவிடம் படிக்கிறேன். கட்டணமும் குறைவு, ஒரு பிடி சோறு."

ராயர் முகம் சிவந்தது. காவலர்கள் கம்பை ஓங்கினார்கள். கூத்தன் குட்டிகளை மேல்துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு போய் அரண்மனை விறகுக் கொட்டகையின் பின்னால் மறைத்துவைத்தான். செவலை அவன் காலை உரசிக்கொண்டே வந்தது.

மூன்றாம் நாள் மண்டபத்தில் மன்னர் பால் அருந்திக்கொண்டிருந்தபோது, மேலிருந்து ஒரு பிடி காரை பெயர்ந்து நேராகக் கிண்ணத்துக்குள் விழுந்தது. மன்னர் கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். கை நனைந்து வெள்ளையாக வந்தது.

"இருளப்பனைக் கொண்டுவாருங்கள்" என்று கர்ஜித்தார்.

கொத்தனார் வந்து விழுந்து கும்பிட்டார். வாயைத் திறக்குமுன் வல்லபராயர் முந்திக்கொண்டார். "சுண்ணாம்பில் மண்ணைக் கலந்துவிட்டான், மகாராஜா." "கிரகங்கள் அப்போதே சொல்லின" என்றார் அனந்தநிதி. எப்போது சொல்லின, யாரிடம் சொல்லின என்று யாரும் கேட்கவில்லை.

"திருக்கார்த்திகை வரைக்கும் தவணை" என்றார் மன்னர். "அன்று நான் இந்தச் சுவரில் கை வைப்பேன். ஈரம் ஒட்டினால், கரணை பிடிக்கும் உன் வலக்கையை எடுத்துவிடுவார்கள்."

கொத்தனார் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கையைத்தான் கூத்தன் பார்த்தான். சுண்ணாம்பு தின்று வெடித்த கை. அந்தக் கை கட்டாத வீடு ஊரில் குறைவு.

"மகாராஜா, சுவரைக் காய வைக்கும் பொறுப்பை நானும் ஏற்கிறேன்" என்றான் கூத்தன்.

சோதிடரும் மணியக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்னர் கூத்தனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கும்போதெல்லாம் அவர்களுக்கு வயிறு எரியும். இதோ, தானாக வந்து வலைக்குள் தலையை விடுகிறான்.

"தாராளமாகச் செய்யட்டும்" என்றார் அனந்தநிதி. "ஆனால் மன்னரின் ஆணை மீறப்படலாகாது. ஒரு சொட்டும் வெளியே போகாமல் சுவர் காய வேண்டும். மீறினால் கொத்தன் கையை இழப்பான். கூத்தன் நாட்டை இழப்பான்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர், வழக்கம்போல யோசிக்குமுன்.

"ஆகட்டும் மகாராஜா. அந்த ஆணையைக் காக்கும் அதிகாரத்தை மட்டும் என்னிடம் கொடுங்கள்."

மன்னர் விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அதில் வெண்கொற்றக் குடை பொறித்திருந்தது. அந்த நாட்டில் அரண்மனைக்குச் சேர்ந்த எதிலும் அந்தக் குடைச் சின்னம் இருக்கும். மன்னர் சபையோருக்குக் கொடுத்த வீடுகளின் நிலைப்படியில்கூட அதைச் செதுக்கியிருப்பார்கள்.

மறுநாள் அரண்மனையில் விருந்து. சபையோர் வயிறாரச் சாப்பிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாசலில் கூத்தன் முத்திரை மோதிரத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"சோதிடரே, சற்று நில்லுங்கள். நீர்மோர் எத்தனை குவளை சாப்பிட்டீர்கள்?"

"மூன்று. அதைக் கேட்க நீ யார்?"

"ஆணையின் காவல்காரன். மோரில் ஊற்றியது அரண்மனைக் கிணற்றுத் தண்ணீர். கிணற்றில் ஊறியது அரண்மனையில் பெய்த மழை. மழை என்பது திருமகள். மூன்று குவளைத் திருமகளை வயிற்றில் மறைத்து வெளியே கடத்தப் பார்க்கிறீரே, பெரியவர் செய்கிற காரியமா இது?"

வல்லபராயர் பக்கவாட்டில் நழுவினார்.

"ராயரே, வேட்டி நுனி சொட்டுகிறது. பிழிந்துவிட்டு வாருங்கள்."

ராயர் பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்தார்.

"இப்போது நெற்றியில் வியர்க்கிறது. அதையும் உள்ளேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்."

"கூத்தா, இது அநியாயம். நான் ரசம்தான் சாப்பிட்டேன்."

"ரசத்தைத் தண்ணீர் இல்லாமல் வைக்க உங்கள் வீட்டில் வழி இருந்தால் சொல்லுங்கள், அரண்மனைச் சமையற்காரருக்கு உதவும்."

காவலர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மன்னரிடம் முறையிட ஆள் போனான். அவர் கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆணை ஆணைதான்" என்று பதில் வந்தது.

வேறு வழியில்லாமல் சபையோர் எல்லாரும் சித்திர மண்டபத்தில் போய் உட்கார்ந்தார்கள். பாய் சில்லென்று இருந்தது. சாய்ந்தால் முதுகில் உப்பு ஒட்டியது. பூஞ்சண வாடை மூக்கில் ஏறியது. ஒருவர் தும்ம, அடுத்தவர் தும்ம, சற்று நேரத்தில் மண்டபம் முழுக்கத் தும்மல்.

"நன்றாகத் தும்முங்கள்" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தான் கூத்தன். "தும்மலிலும் ஈரம் உண்டு. வெளியே போய்த் தும்மினால் குற்றம்."

பொழுது சாயும் நேரத்தில் அனந்தநிதிக்கு ஒரு யோசனை பிறந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"கூத்தா, உனக்கு வழக்கமும் தெரியவில்லை, சாஸ்திரமும் தெரியவில்லை. எங்கள் வீட்டு நிலைப்படியில் இருப்பது என்ன?"

"மன்னரின் குடைச் சின்னம்."

"மன்னரின் குடை எங்கே பொறித்திருக்கிறதோ அது அரண்மனையின் பகுதி. ஆகவே நாங்கள் எங்கள் வீட்டுக்குப் போவது, ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்குப் போவது போல. வெளியே போவது ஆகாது. புரிகிறதா?"

கூத்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அடடா, இவ்வளவு ஞானம் எனக்கு எங்கே வரும்? இடையில் தெருவில் நடப்பீர்களே, அது வெளிதானே?"

"கையில் குடைச் சின்னமிட்ட இலச்சினை வைத்துக்கொண்டு நடப்போம். சின்னம் கூடவே வருகிறதல்லவா? வழி நெடுக அரண்மனைதான்."

"ஐயா, நான் மரமண்டை. நாளைக்கு மன்னர் கேட்டால் மறந்துபோவேன். ஓலையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ராயரும் கையெழுத்துப் போடட்டும்."

வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தவர்கள் மளமளவென்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். கூத்தன் ஓலையைக் கண்ணில் ஒற்றித் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டான். சபையோர் தும்மிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் கூத்தன் இருளப்பக் கொத்தனாரின் வீட்டு வாசலில் நின்றான்.

"கொத்தனாரே, தண்ணீருக்குக் கால் வைக்கப் போகலாம், வாருங்கள்."

"வேண்டாம் சாமி. எனக்காக நீங்க ஊரை விட்டுப் போவணுமா?" என்றார் கொத்தனார்.

"போகிறேனோ இல்லையோ, நீர் கரணையை எடும். இந்த மோதிரத்தில் இருக்கிற குடையைப் பார்த்து மரத்தில் ஒரு அச்சுச் செதுக்க முடியுமா?"

கொத்தனார் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். முழுக்கப் புரியவில்லை. ஆனாலும் உளியை எடுத்தார்.

இருவரும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். முதலில் வரப்பை வெட்டி எறிந்தார்கள். சுவரடியில் ஊறிக்கிடந்த சேற்றை வழித்துவிட்டு, மண்ணும் செங்கல் சல்லியும் போட்டுத் திமிசுகட்டையால் இடித்து இறுக்கினார்கள். சுவரோரம் மேடாகவும், தள்ளிப் போகப் போகத் தாழ்வாகவும் காரை பூசினார்கள். மேட்டில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் அது திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். அதுதான் கொத்தனாரின் சோதனை. சரிவு முடிகிற இடத்தில் கல் பதித்து வாய்க்கால் கட்டி, மதிலடியில் அடைத்திருந்த செங்கலைப் பிடுங்கினார்கள்.

மதிலுக்கு வெளியே நிலம் பள்ளத்தெரு வரை இறங்கிப் போகும். அங்கே ஒரு குளம். அதற்கு நீர்வரத்தே அரண்மனைத் தண்ணீர்தான். அது நின்றதிலிருந்து குளத்தில் சேறுதான் மிஞ்சியது. பள்ளத்தெருப் பெண்கள் மழைக்காலத்திலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வாய்க்காலைக் குளம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கரையில் பதித்த ஒவ்வொரு கல்லிலும் ஈரச் சுண்ணாம்பைத் தடவி, கொத்தனார் மர அச்சை வைத்து அழுத்தினார். கல்லுக்கு ஒரு குடை. குளத்துப் படித்துறையிலும் ஒரு பெரிய குடை.

அடுத்த மழை வந்தது. கூரையில் விழுந்த தண்ணீர் தூம்பில் பாய்ந்து, சரிவில் வழிந்து, வாய்க்காலில் கலகலவென்று சிரித்துக்கொண்டு பள்ளத்தெருவுக்குப் போனது. மண்டபத்தடியில் ஒரு சிறங்கைத் தண்ணீர் தேங்கவில்லை. இடையிடையே வெயிலும் அடித்தது. அடியில் ஊட்டுகிற தண்ணீர் நின்றுவிட்டதால் சுவர் வெளுத்துக்கொண்டே வந்தது.

தவணை முடியட்டும் என்று காத்திருந்த அனந்தநிதியும் வல்லபராயரும் திருக்கார்த்திகை அன்று காலையில் மன்னரிடம் ஓடினார்கள்.

"மகாராஜா, ஆணை மீறப்பட்டுவிட்டது. அரண்மனைத் தண்ணீர் முழுவதும் பள்ளத்தெருக் குளத்தில் கிடக்கிறது. கூத்தனே மதிலைத் திறந்துவிட்டான்."

மன்னரின் மீசை துடித்தது. "கூப்பிடுங்கள் இருவரையும்."

கூத்தன் கொத்தனாரோடு வந்து வணங்கினான்.

"மகாராஜா, முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள்."

மன்னர் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். மறுபடி அழுத்திப் பார்த்தார். கை உலர்ந்திருந்தது.

"சுவர் காய்ந்திருக்கிறது. ஆனால் தண்ணீர் வெளியே போயிருக்கிறதே, கூத்தா?"

"ஒரு சொட்டும் போகவில்லை, மகாராஜா. நடந்து வந்து பாருங்கள்."

அப்போது தூறல் விழுந்தது. சேவகன் வெண்குடையைப் பிடிக்க, மன்னர் வாய்க்கால் கரையோடு நடந்தார். முதல் கல்லில் குடை. இரண்டாம் கல்லில் குடை. எண்ணிக்கொண்டே வந்தவர் நூற்றுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டார். குளம் தளும்பி நின்றது. படித்துறையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த பெண்கள் பதறி எழுந்து ஓரமாக நின்றார்கள்.

கூத்தன் தலைப்பாகைக்குள் கையைவிட்டு ஓலையை எடுத்தான்.

"'மன்னர் குடை பொறித்த இடம் எதுவோ அது அரண்மனையின் பகுதி. அங்கே போவது வெளியே போவது ஆகாது.' எழுதியவர் ஆஸ்தான சோதிடர். சாட்சி மணியக்காரர். திருமகள் இந்தக் கூடத்திலிருந்து அந்தக் கூடத்துக்கு நடந்து வந்திருக்கிறாள், மகாராஜா. வழி நெடுக அரண்மனைதான்."

அனந்தநிதி மழையைப் பார்ப்பது போல மேலே பார்த்தார். ராயர் தரையைப் பார்த்தார்.

மன்னர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அப்படியானால் பள்ளத்தெரு இப்போது என் அரண்மனைக்குள் இருக்கிறதா?"

"ஆம் மகாராஜா. நனைந்துகொண்டு நிற்கிற இவர்கள்கூட."

மன்னர் நனைந்து நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சேவகனிடம், "குடையை அந்தப் பக்கம் பிடி" என்றார். வெண்கொற்றக் குடை நகர்ந்து, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணின் தலைக்கு மேல் நின்றது. மன்னர் தூறலில் நனைந்துகொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படித்துறையில் நின்றவர்களும் பயம் விட்டுச் சிரித்தார்கள்.

"இருளப்பரே" என்றார், மரியாதையோடு. "அன்று உம்மை ஒரு வார்த்தை பேசவிட்டிருந்தால் என் பாலில் காரை விழுந்திருக்காது. இந்தக் கையை வெட்ட நினைத்தேன். இனி இந்த நாட்டில் அரண்மனைக் கட்டடம் எதுவானாலும் இந்தக் கை சொன்ன பிறகுதான் கடைக்கால் தோண்ட வேண்டும்." தம் கைக் காப்பைக் கழற்றி அந்த வெடித்த கையில் தாமே போட்டுவிட்டார். கொத்தனார் இரு கையும் கூப்பினார்.

"இவ்வளவு பெரிய ஞானத்தை எழுதிக் கொடுத்த இருவருக்கும் ஏதாவது செய்ய வேண்டுமே" என்றான் கூத்தன்.

"செய்யாமல் விடுவேனா? அவர்கள் வாயாலேயே இது அரண்மனைக் கூடம். ஒவ்வொரு மழைக்கு முன்னும் இந்தக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கி, வாய்க்காலில் இலை தழை அடையாமல் பார்த்துக்கொள்ளும் பெருமை அனந்தநிதிக்கும் ராயருக்கும் உரியது."

இருவரும் வணங்கி ஏற்றுக்கொண்டார்கள். அனந்தநிதி ஒரு தும்மலும் போட்டார்.

"உனக்கு என்ன வேண்டும், கூத்தா? கேள். யோசித்தே தருகிறேன்."

"பெரிதாக ஒன்றுமில்லை, மகாராஜா. கொத்தனார் கையால் இன்னும் ஒரே ஒரு குடை."

"எங்கே?"

கூத்தன் மன்னரை விறகுக் கொட்டகையின் பின்னால் அழைத்துப்போனான். காய்ந்த மேட்டில் செவலை நாய் நாலு குட்டிகளோடு படுத்திருந்தது. மன்னரைப் பார்த்ததும் எழுந்திருக்காமல் வாலை மட்டும் ஆட்டியது.

"தண்ணீர் நிற்கிற இடத்தில் குடியிருக்கக் கூடாது என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவள் இவள். ராயர் இவளை அரண்மனைக்கு வெளியே துரத்தச் சொன்னார். இங்கே ஒரு குடை பொறித்துவிட்டால், அவளாகப் போனாலொழிய யாரும் வெளியே அனுப்ப முடியாது."

மன்னருக்கு மறுபடி சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டார்.

இருளப்பக் கொத்தனார் குனிந்து, செவலையின் தலைமாட்டில் இருந்த செங்கல்லில் ஈரச் சுண்ணாம்பைத் தடவினார். காப்புப் போட்ட வலக்கையால் மர அச்சை வைத்து நிதானமாக அழுத்தி எடுத்தார். வெள்ளை வெளேரென்று ஒரு குடை விரிந்தது. குட்டிகளில் ஒன்று எழுந்து வந்து அதை முகர்ந்துபார்த்துவிட்டு, அதன் மேலேயே சுருண்டு படுத்துக்கொண்டது.